சுத்துற ஃபேன் ஒண்ணு

"மறுபடியும் அதேதான் டைரக்டர். பிராசஸர் ஃபேன் கோளாறு, எஃப்-ஒன்றை அழுத்தவும்னு வந்து நிக்குது."

பொறியாளர் குவோ மேசைக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டிச் சொன்னான். கூட்ட அறையின் பெரிய திரையில் அந்த வெள்ளை எழுத்துகள் ஆளுயரத்துக்கு நின்றன.

"அழுத்த வேண்டியதுதானே. அதுக்குத்தானே சம்பளம்" என்றார் டைரக்டர் லியாவ்.

"அழுத்தினா உள்ள போகும். அஞ்சாவது நிமிஷம் சூடு ஏறி தானா அணைஞ்சிரும். ரெண்டு தடவை பார்த்தாச்சு."

மணி ஒன்று ஐந்து. இரண்டு மணிக்கு ஒசாகாவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். சென்ற மாதம் அனுப்பிய பத்து சாம்பிள்களில் சொக்கிப்போய், ஆர்டரைக் கையோடு முடித்துவிடலாம் என்று தைப்பேவுக்கே கிளம்பி வந்தவர்கள். ஆர்டர் கிடைத்தால் தொழிற்சாலை ஓடும். கிடைக்காவிட்டால் இந்த மாதத்தோடு நாற்பத்திரண்டு பேருக்கு வேலை இல்லை. செயலாளர் யூன்ஜூ அந்த நாற்பத்திரண்டில் ஒருத்தி. பட்டியலைத் தட்டச்சு செய்தவளும் அவள்தான்.

"லேப்டாப்ல காட்டிரலாமே, டைரக்டர்?" என்றாள்.

"இந்தக் கம்ப்யூட்டரைத்தான் ஓட்டிக் காட்டணும்னு எழுதியிருக்காங்க. அவங்க கண் முன்னாடி சுவிட்சைப் போடணும்." குனிந்து குவோவைப் பார்த்தார். "தூசி தட்டினியா?"

"தட்டினேன். ஒயரைக் கழட்டி மாட்டினேன், சரியான இடத்துலதான் இருக்கு. குறைஞ்சபட்ச வேகத்தை செட்டிங்ல இறக்கியும் பார்த்தேன். வேகமே இல்லாததுக்கு எவ்வளவு இறக்கி என்ன பண்றது?"

"ஃபேனை மாத்து."

"ஸ்டோர்லேருந்து நாலு எடுத்து மாத்திட்டேன். ஒண்ணு முனகுது. மத்த மூணும் அதுவும் இல்ல."

"அப்ப போர்டு போயிருக்கும்." டைரக்டரின் குரலில் ஒரு நம்பிக்கை தெரிந்தது.

"வீட்டுலேருந்து என் பழைய ஃபேனைக் கொண்டாந்து மாட்டினேன். ஜோரா சுத்துச்சு. ஆனா இந்தப் பிராசஸரோட சூட்டுக்கு அது பத்தாது."

டைரக்டரின் பார்வை கம்ப்யூட்டரின் தலைமேல் இருந்த பச்சைப் பொட்டலத்துக்குப் போனது. இயந்திரங்கள் அடங்கி நடக்கட்டும் என்று ஊரில் எல்லா அலுவலகத்திலும் வைக்கிற சோளப்பொரிப் பொட்டலம்தான்.

"இது காலாவதி ஆயிருச்சா?"

"நவம்பர் வரைக்கும் இருக்கு."

குற்றம் சுமத்த வேறு யாரும் அகப்படவில்லை. டைரக்டர் நிமிர்ந்தார். அவருக்குப் பின்னால் சுவரில், அவரே தூரிகை பிடித்து எழுதிய 'தரமே உயிர்' சட்டத்துக்குள் தொங்கியது. தேநீரில் சர்க்கரை குறைந்தால்கூடத் தரத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுகிறவர், இப்போது சுருக்கமாகவே பேசினார்.

"யூன்ஜூ, எலக்ட்ரானிக்ஸ் மார்க்கெட், மூணாவது மாடி, கடைசிக் கடை. நல்ல ஃபேனா ஒண்ணு வாங்கிட்டு ஓடி வா. கம்பெனி கோட்டைக் கழட்டி வச்சிட்டுப் போ. யாரு, எங்கேருந்துன்னு மூச்சு விடக்கூடாது. நம்ம கம்பெனியில ஒரு ஃபேன் சுத்தலைன்னு வெளிய தெரிஞ்சா மானம் போயிரும்."

யூன்ஜூவின் ஸ்கூட்டருக்கு அன்று எல்லா முனையிலும் சிவப்பு விளக்கு. தொண்ணூறிலிருந்து கீழே இறங்கும் ஒவ்வொரு எண்ணையும் அவளும் சேர்ந்து எண்ணினாள். நாற்பத்திரண்டு வந்தபோது மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள்.

கடைக்காரர் கோழிக்கால் சாப்பாட்டில் மும்முரமாக இருந்தார்.

"என்ன ஃபேன்மா வேணும்?"

"சுத்துற ஃபேன்."

"அது கொஞ்சம் விலை கூட." எலும்பைக் கீழே வைக்காமல் இடக்கையால் ஒரு நீலப் பெட்டியைத் தள்ளினார். "மலிவா வேணும்னா ஹாவ்லியாங். உள்ளூர்ச் சரக்கு."

"அது மட்டும் வேண்டாம்ணே."

"வாங்கிப் பட்டிருக்கியா?"

"நாலு."

துக்கம் விசாரிப்பவர்போலத் தலையசைத்து நீலப் பெட்டியை உள்ளே இழுத்துக்கொண்டார். கறுப்புப் பெட்டி ஒன்று வந்தது. "இதைக் கண்ணை மூடிக்கிட்டு வாங்கு. மாட்டினா ஓடுதான்னே தெரியாது, அவ்வளவு அமைதி."

மணி ஒன்று முப்பத்திரண்டு. யூன்ஜூ பணத்தை நீட்டினாள். கடைக்காரர் ரசீது இயந்திரத்தின் பக்கம் திரும்பி, எந்தக் கடையிலும் எல்லாரும் கேட்பதைத் தலை நிமிராமல் கேட்டார்.

"ரசீதுல கம்பெனி வரி நம்பர் போடணுமா?"

பென்சில் முதல் தேயிலை வரை பதினோரு வருடமாக அலுவலகத்துக்கு வாங்கிக் குவித்தவள். அவள் யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது. எட்டு இலக்கமும் ஒரே மூச்சில் வந்து விழுந்தன.

கடைக்காரர் தட்டினார். திரையில் வந்த பெயரைப் பார்த்தார். நீலப் பெட்டியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். கோழிக்கால் கீழே இறங்கியது.

"ஹாவ்லியாங் ஃபேன் தொழிற்சாலை" என்று நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

யூன்ஜூ கைகூப்பினாள். "அண்ணே, கும்பிட்டுக் கேக்குறேன். ரெண்டு மணிக்கு ஆர்டர் குடுக்க ஆளுங்க வர்றாங்க. இது வெளிய போச்சுன்னா நாப்பத்திரண்டு குடும்பம்..."

"அட, பயப்படாதேம்மா. நான் யார்கிட்டயும் சொல்ற ஆள் இல்ல" என்ற கடைக்காரர் கறுப்புப் பெட்டியைப் பையில் போட்டு நீட்டினார். "போன மாசம் உங்க டைரக்டரும் இப்படித்தான், வாய் தவறி நம்பரைச் சொல்லிட்டு முழிச்சாரு. இதே ஃபேன்ல பத்து வாங்கினாரு மனுஷன், மேல ஒட்டியிருக்கிற லேபிள் சுவடு தெரியாம உரியுமான்னு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு."