பருந்திடம் இருந்த பெயரில்லாப் பாட்டு

எல்லோரும் சௌக்கியம்தானே? மூட்டுவலி, சளி, மழை எல்லாம் ஒரு பக்கம் கிடக்கட்டும். பாரன்கீயா என்னும் தூரதேசத் துறைமுக ஊரில், ஒரு வீட்டின் முன்னறைக்குள் வாருங்கள்.

யாதிரா அந்தச் சின்னக் கம்ப்யூட்டரின் மேல் காதை வைத்துப் பார்த்தாள். மூச்சுச் சத்தம்கூட இல்லை.

விசிறியே இல்லாத பெட்டி. பாட்டுப் போடுவதைத் தவிர அது வேறு வேலை செய்யக்கூடாது, பாட்டைத் தவிர அதிலிருந்து வேறு சத்தமும் வரக்கூடாது என்று வீட்டுக்காரர் எலியேசர் கிழவர் ஒற்றைக்காலில் நின்றார்.

"தெருவுல ஓடெல்லாம் நடுங்கப் பாட்டுப் போட்ட மனுஷன், இப்ப விசிறிச் சத்தம் ஆகலையாக்கும்!" என்று முணுமுணுத்தாள் யாதிரா.

அவருடைய பிக்கோ அப்படி. ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் ஒலிபெருக்கிப் பெட்டி, முகப்பில் பருந்துப் படம். அடுத்த தெருவில் யாதிராவின் அப்பா வில்ஃபிரிதோ வைத்திருந்த பிக்கோவில் புலி. சனிக்கிழமை ஆட்டத்தில் இரண்டும் மோதும்.

பருந்திடம் ஒரு பாட்டு இருந்தது. கப்பல்காரன் ஒருவன் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த இசைத்தட்டு. அது ஒலித்தால் போதும், புலிப்பக்கம் ஆடுகிற கூட்டம் மொத்தமும் பருந்துப்பக்கம் ஓடிவிடும்.

பெயர் தெரிந்தால் அப்பாவும் எங்கேயாவது தேடி வாங்கியிருப்பார். அது நடக்கக்கூடாது என்றுதான் தட்டின் நடுவில் பெயர் அச்சிட்டு ஒட்டியிருந்த காகிதத்தை எலியேசர் சுரண்டி எடுத்துவிட்டார். பிக்கோக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான்.

ஞாயிறுதோறும் அப்பா, மரவள்ளிக்கிழங்கில் கறி வைத்துப் பொரித்த காரிமன்யோலாவைப் பொட்டலம் கட்டிக்கொண்டு இந்த வீட்டு வாசலுக்கு வருவார்.

"முதல் எழுத்தையாவது சொல்லுய்யா."

எலியேசர் எல்லாவற்றையும் சாப்பிடுவார். சிரிப்பார். அனுப்பிவிடுவார்.

நாற்பது வருஷம். போன வருஷம் ஆஸ்பத்திரியில் அப்பா கடைசியாகத் தெளிவாகப் பேசியதும் அதுதான்: "அந்தப் பேரைக் கேட்டு வை."

அதனால்தான், பழைய இசைத்தட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரச் சொல்லிக் கிழவர் கூப்பிட்டதும் யாதிரா வந்தாள்.

மூன்று வாரமாக ஒவ்வொரு தட்டாகப் பெட்டிக்குள் ஏற்றினாள். கடைசியாக அது. ஊசியை வைத்தாள். பாட்டு ஓடி முடிந்தது. தலைப்பு என்ன என்று திரை கேட்டது.

"சொல்லுங்க, எலியேசர் ஐயா. இப்பவாவது."

கிழவர் தலையைச் சொறிந்தார். "எனக்கே தெரியாது, பொண்ணே. ரெண்டு கிளாஸ் உள்ளே போனா உளறிடுவேன்னு எனக்கே தெரியுமே. அதான் துறைமுகத்துலயே, படிக்காமலே சுரண்டிட்டேன்."

அப்படியானால் இந்த மனுஷனும் நாற்பது வருஷமாக வாசலுக்கு வெளியேதான் நின்றிருக்கிறார்!

யாதிரா ஒரு பொத்தானை அழுத்தினாள். பாட்டைக் கேட்டே பெயரைக் கண்டுபிடிக்கும் வித்தை அந்தப் பெட்டிக்குத் தெரியும். திரையில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது.

"இரு, இரு, என் கண்ணாடி!" கிழவர் உள்ளே ஓடினார்.

வட்டம் நின்றது.

மூன்று சொற்கள். யாதிரா படித்தாள். இன்னொரு முறை, அப்பாவின் காதில் சொல்வதுபோல் உதட்டை அசைத்துப் படித்தாள்.

பிறகு ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தவருக்குத் திரையில் வெள்ளைக் கட்டம் மட்டும்தான் தெரிந்தது.

"எங்கே?"

"சுரண்டிட்டேன்."

எலியேசர் கண்ணாடியைக் கழற்றினார். திரும்பிச் சமையலறைக்குப் போனார். எண்ணெய் காயும் வாசனை வந்தது.

கொஞ்ச நேரத்தில் நான்கு காரிமன்யோலா, சுடச்சுட, அவள் முன்னால் வந்து இறங்கின.

"முதல் எழுத்தையாவது சொல்லு, பொண்ணே."

யாதிரா ஒன்றை எடுத்துக் கடித்தாள். பெட்டியைப் போலவே அவளும் மூச்சுவிடவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது சொல்லாமலே வைத்திருக்கும் பெயர் உண்டா? எழுதிப் போடுங்கள். முழுசாக வேண்டாம், முதல் எழுத்து போதும்.