ரொசிமாராவின் வாழ்க்கை வரலாறு

பிரேசில் பாடகி ரொசிமாரா மைக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் பேசி நிறுத்தினாள். ஸ்டுடியோ மொத்தமும் சரவணகுமாரின் வாயைப் பார்த்தது. அவள் பேசியதில் ஓர் எழுத்துகூட அவனுக்குப் புரியவில்லை.

"சொல்லு தம்பி, என்ன சொல்றாங்க?" என்றார் கலீலுர் ரஹ்மான் பாய். அஜ்மானில் இருக்கும் அந்தச் சின்னத் தமிழ் இணைய வானொலிக்கு முதலாளியும் அவர்தான், பேட்டி எடுப்பவரும் அவர்தான். நிகழ்ச்சி நேரலையில் போய்க்கொண்டிருந்தது.

சரவணகுமார் அங்கே டிரைவர். வேலைக்குச் சேர்ந்த அன்று, என்னென்ன பாஷை தெரியும் என்று கேட்டார்கள். வளைகுடாவுக்குப் பிழைக்க வந்தவன் எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லக்கூடாது. ரூமில் இருந்தவர்கள் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான்.

வெல்டிங் தெரியுமா, தெரியும். பிரியாணி போடத் தெரியுமா, தெரியும். அந்த வேகத்தில் ஹிந்தி, மலையாளத்தோடு போர்த்துகீசியத்தையும் சேர்த்து அடித்துவிட்டான். அதைப் பேசிக்கொண்டு இந்தப் பக்கம் எவன் வரப்போகிறான் என்ற தைரியம்.

வந்துவிட்டாளே ஒருத்தி. அன்று மாலை புஜைராவில் ஒரு ஹோட்டலில் அவளுடைய கச்சேரி, அதற்கு விளம்பரமாக இந்தப் பேட்டி. கச்சேரியை நடத்துகிற நிதின், விமான நிலையத்திலிருந்து நேரே கூட்டி வருவதாகச் சொல்லி அவளைக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தான். அவன் கம்பெனி அறிவித்த கலைஞர், அறிவித்த நாளில் வந்து சேர்ந்தது இதுவே முதல் தடவை என்று பாய்க்கே ஆச்சரியம்.

"இதை நல்லபடியா முடிச்சுக் கொடு. உன் விசாவைப் புதுப்பிச்சு, குடும்பத்தையும் கூட்டிட்டு வர ஏற்பாடு பண்றேன். சொதப்பினே, கலாஸ், ஊருக்கு டிக்கெட்தான்" என்று காலையிலேயே சொல்லியிருந்தார் பாய். பட்டுக்கோட்டையில் மனைவி நாகஜோதி பெட்டியே கட்டி வைத்துவிட்டாள். பாவம், அவளிடம் போய் இந்தக் கூத்தை எந்த முகத்தோடு சொல்வான்?

சரவணகுமார் தொண்டையைச் செருமினான்.

"அவங்க பொறந்தது ரியோவுக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஊரு பாய். அப்பா சரியான குடிகாரரு. அம்மா நாலு வீட்டுல பாத்திரம் தேய்ச்சு ஆளாக்குனாங்களாம்."

"அடடா. அவ்வளவு நேரம் பேசினாங்க, இவ்வளவுதானா?"

"அது இழுவையான பாஷை பாய்."

பாய் நம்பிவிட்டார். "முதல் வாய்ப்பு எப்படிக் கிடைச்சுதுன்னு கேளு" என்றார்.

இப்போது அவனே போர்த்துகீசியம் பேச வேண்டும். வசமாக மாட்டிக்கொண்டான். குலசாமியை நினைத்துக்கொண்டு, "செனோரா, படாகோ முடாகோ, ரம்பிலா கிட்டாரோ?" என்று ஒரு போடு போட்டான்.

ரொசிமாரா கவனமாகக் கேட்டாள். அழகாகத் தலையாட்டினாள். பிறகு கையை வீசி வீசி நீளமாகப் பதில் சொன்னாள். பெரிய கலைஞர்கள் என்றால் சும்மாவா, ஏழை பிழைத்துப் போகட்டும் என்று சமாளிக்கிறாள் மகராசி என்று சரவணகுமார் மனதுக்குள் கும்பிட்டான்.

அந்தக் கும்பிடோடு பயமும் போய்விட்டது. அண்ணன் சைக்கிளை விற்று அவளுக்குக் கிட்டார் வாங்கிக் கொடுத்தான். அவள் டவுன் பஸ்ஸில் பாடினாள். அதே பஸ்ஸில், கார் பஞ்சரான ஒரு பெரிய இசையமைப்பாளர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பாய் கைக்குட்டையை எடுத்தார். அதைப் பார்த்ததும் சரவணகுமாருக்குத் தலைகால் புரியவில்லை.

"மொத கச்சேரி பாய். மேடை ஏறப் போறாங்க, ஊர்லேருந்து போன் வருது. அம்மா போயிட்டாங்க."

ரொசிமாராவின் கையிலிருந்த சுலைமானி டீ மேஜையெல்லாம் தளும்பியது. ஸ்டுடியோ ஏ.சி. எப்போதுமே கொஞ்சம் அதிகம். சரவணகுமார் எழுந்து அதைக் குறைத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.

"அழுகையை அடக்கிக்கிட்டுப் பாடுனாங்க பாய். சாகறப்போ அந்தம்மா வாயில வந்த கடைசி வார்த்தையே, பாடு மகளேங்கறதுதான்."

அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் நேயர்கள் குரல் குரலாக வந்து விழுந்தார்கள். புஜைராத் துறைமுகத்தில் டூட்டியில் இருந்த ஒருவர் விம்மி விம்மி அழுதார். லேபர் கேம்ப் ஒன்றில் மொத்த ரூமும் ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் பேசிவிட்டதாம். பாயால் நிகழ்ச்சியை முடித்து வைக்கக்கூட முடியவில்லை, ஒரு பாட்டைப் போட்டுவிட்டு மூக்கைச் சிந்தினார்.

"உன்னைப் போய் டிரைவரா வச்சிருக்கேனே தம்பி. குடும்பத்துக்கு டிக்கெட் போடச் சொல்லிடு" என்றார்.

சரவணகுமாருக்கு வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிக்க வேண்டும் போலிருந்தது. நிதின் "யல்லா, யல்லா" என்று காரை எடுக்கக் கீழே ஓடினான். பாடகியின் பையைத் தூக்கிக்கொண்டு, லிஃப்ட் வரை வழியனுப்ப இவனே போனான்.

லிஃப்ட் வருவதற்குள் ரொசிமாரா இரண்டு பக்கமும் பார்த்தாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. சரவணகுமாரை முறைத்தாள். ஏதோ தப்பு என்று மட்டும் அவனுக்குப் புரிந்தது. தெரிந்த ஒரே வார்த்தையான "செனோரா" என்பதைச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டான்.

அவள் அவன் காதருகே குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

"எங்கட அம்மா வீட்டில இருந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கிறா, அவவை ஏன் அண்ணை சாக்காட்டினனீங்கள்?"