நட்சத்திரம் இல்லாத ஆக்டோபஸ்

"ஆக்டோபஸைக் காணோம்!"

காலை பதினொரு மணிக்குக் கடற்கரையில் எழுந்த இந்தக் கூச்சலில், தண்ணீரில் மிதந்தவர்கள் மூழ்கினார்கள். தூங்கியவர்கள் சாய்வுக் கட்டிலோடு புரண்டார்கள். எதிர்த் தீவில் ஒரு கழுதை திரும்பிப் பார்த்ததாகவும் கேள்வி.

கூச்சல் போட்டவர் அங்கே சாப்பாடும் போடும் பாரின் முதலாளி பாண்டெலிஸ் அல்ல, வாடிக்கையாளர் தெமிஸ். ஏதென்ஸில் முப்பத்தைந்து வருஷம் துப்பறியும் போலீஸாக இருந்து, போன மாதம்தான் ஓய்வு பெற்றவர். காலை எட்டு மணியிலிருந்து ஒரே ஒரு குளிர்ந்த காபியை வைத்துக்கொண்டு, ஏதாவது குற்றம் நடக்காதா என்று ஏங்கிப்போய் உட்கார்ந்திருந்தார்.

பாண்டெலிஸ் ஓடி வந்து பார்த்தார். அடுப்புக்குப் பக்கத்தில் ஆக்டோபஸ் காயப்போடக் கட்டியிருந்த கொடிக்கயிறு காலியாக ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு கிளிப்புகள் மட்டும் மிச்சம். அவர் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் போல வெளுத்தது.

வெளுக்காதா பின்னே? ஐஸில் உறைய வைத்த சரக்கென்றால் மெனு அட்டையில் அதன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டாக வேண்டும் என்பது நாட்டுச் சட்டம். தீவில் மற்ற எல்லாக் கடைகளிலும் ஆக்டோபஸ் பக்கத்தில் நட்சத்திரம் மின்னும். பாண்டெலிஸ் கடையில் மட்டும் மின்னாது. "நட்சத்திரம் எதுக்குங்க? அதோ, காலையில பிடிச்சது, வெயில்ல காயுது பாருங்க" என்று கொடியைக் காட்டுவார்.

அந்தப் புகழைக் கேள்விப்பட்டுத்தான் இன்று மதியம் எவ்தோக்கியா அம்மாள் வருகிறார், மகள் கல்யாண விருந்தை எந்தக் கடைக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய. தீவில் இருப்பதே அறுநூறு பேர். அழைப்பு எண்ணூறு பேருக்கு. இந்த விருந்து கிடைத்தால் பாண்டெலிஸ் தலை நிமிரலாம். கிடைக்காவிட்டால் குளிர்காலத்துக்குள் பாரை விற்க வேண்டியதுதான்.

"கவலையே படாதீங்க. ஒரு மணிக்குள்ள திருடனைப் பிடிச்சுத் தரேன்" என்று தெமிஸ் நீச்சல் டவுசரை மேலே இழுத்து விட்டுக்கொண்டார்.

"அய்யய்யோ, வேணாம் சார்! பூனை தூக்கிட்டுப் போயிருக்கும்."

"பூனை கிளிப்பைக் கழட்டி, மறுபடி கொடியிலேயே மாட்டிட்டுப் போகுமா?"

"எங்க ஊர்ப் பூனை மாட்டும் சார். ரொம்ப ஒழுக்கமான பூனை."

தெமிஸின் புருவம் உயர்ந்தது. மணலில் குனிந்தார். அங்கே நாலாயிரம் காலடித் தடங்கள். அத்தனையையும் முகர்ந்து பார்க்காத குறையாக ஆராய்ந்து, இடது செருப்பின் வார் அறுந்த ஒரே ஒரு தடத்தைக் கண்டுபிடித்தார். அது பக்கத்து பாரை நோக்கிப் போனது.

பாண்டெலிஸ் குறுக்கே வந்து விழுந்தார். "நான்தான் சார் திருடினேன்! என்னைப் பிடிச்சுட்டுப் போங்க!"

"உங்க ஆக்டோபஸை நீங்களேவா?"

"திடீர்னு ஆசை வந்துடுச்சு சார்."

தெமிஸ் தன் காலத்தில் எத்தனையோ பொய் வாக்குமூலங்களைக் கேட்டவர். யாரையாவது காப்பாற்றத்தான் மனிதன் இப்படி உளறுவான்.

"பக்கத்து பார் யாரோடது?"

"கோஸ்மாஸோடது."

"அவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"என் பொண்டாட்டியோட தம்பி" என்றார் பாண்டெலிஸ், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல.

தெமிஸுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கல்யாண விருந்துக்கு மச்சினன் போட்டி, திருட்டு, இவர் மனைவிக்குப் பயந்து மூடி மறைக்கிறார். பாவம், நல்ல மனிதர்!

சரியாக ஒரு மணிக்கு எவ்தோக்கியா அம்மாள் வந்து உட்கார்ந்தார். அதே நேரத்தில் தெமிஸும் வந்தார். ஒரு கையில் கோஸ்மாஸின் காது, இன்னொரு கையில் ஐஸ் பெட்டி.

"மன்னிச்சிடு மச்சான்" என்று கோஸ்மாஸ் அழுதான். "உன் கொடி காலியா இருந்தா அந்தம்மா என் கடைக்கு வருவாங்கன்னு நினைச்சேன். ஓடுற ஓட்டத்துல துண்டைப் போட்டுச் சுருட்டிப் பெட்டிக்குள்ள போட்டதுதான். பிரிச்சுக்கூடப் பார்க்கல."

"பிரிக்கவே இல்லையா? என் ராஜா!" பாண்டெலிஸ் அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "அது உனக்குத்தாண்டா! அப்படியே எடுத்துட்டு வீட்டுக்கு ஓடு!"

எவ்தோக்கியா அம்மாளின் கண்கள் கலங்கின. "திருடினவனுக்கே தூக்கிக் கொடுக்கிறியேப்பா! இந்த மனசு யாருக்கு வரும்? போதும், நான் ருசி பார்க்கவே வேண்டாம். எண்ணூறு பேருக்கும் நீதான் சமைக்கிற."

பாண்டெலிஸ் மூன்று முறை சிலுவை போட்டுக்கொண்டார். தீவின் புனிதர்கள் அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டார்.

ஆனால் முப்பத்தைந்து வருஷ அனுபவம் சும்மா இருக்குமா?

"ஆதாரத்தைக் கையால தொடக் கூடாது" என்று சொல்லி, தெமிஸ் அடுப்பிலிருந்த இடுக்கியை எடுத்தார். துண்டை விலக்கி, ஆக்டோபஸைக் கவ்வித் தூக்கி, ஒரு தட்டில் வைத்து எவ்தோக்கியா அம்மாளின் முன்னால் பெருமையாக நீட்டினார். "மீட்டது நான். முதல் துண்டு நீங்கதான் வெட்டணும்."

அம்மாள் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முள்கரண்டியால் ஒரு காலை மெல்லப் புரட்டினார். அடியில் பொடி எழுத்தில் ஏதோ அச்சடித்திருந்தது. கடற்கரை முழுக்கக் கேட்கும்படி, எழுத்துக் கூட்டி வாசித்தார்:

"மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஏற்றதல்ல."