அலகைத் தூக்கிய இடம்

மார்க்கெட் சாக்கடையோர வளையில் ஒரு பெருச்சாளி குட்டிகளோடு இருந்தது. கண் மங்கிவிட்டாலும் பேப்பர் ஆசை விடவில்லை. அது குரல் கொடுக்கும்போதெல்லாம், டீக்கடைப் பேப்பரை இழுத்துவந்து ஒரு மைனா படித்துக்காட்டும். வரி தவறாமலிருக்க எழுத்தின் மேல் அலகை உரசிக்கொண்டே படிப்பது மைனாவின் வழக்கம்.

அன்று காய்கறி விலை, சினிமா, ராசிபலன் எல்லாம் ஆயிற்று.

"அவ்வளவுதான் அக்கா."

"காய்கறி விலைக்கு அப்புறம் உரசுற சத்தம் நின்னுச்சே. எதை விட்டே?"

"அது வேணாம்க்கா. காலங்காத்தால மனசு கெட்டுடும். வாரப் பத்திரிகையில நல்ல தொடர்கதை வந்திருக்கு, படிக்கட்டுமா?"

"எனக்கு எது வேணும்னு நான் சொல்றேன். விட்டதைப் படி." பெருச்சாளி பேப்பரின் ஓரத்தை அழுத்தி மிதித்துக்கொண்டது.

மைனா விட்ட இடத்தில் அலகை வைத்தது. "நாளைக்கு மார்க்கெட் சாக்கடைக்கு கான்கிரீட் போடுறாங்க. ஓரத்துல இருக்குற வளையெல்லாம் அடைச்சிடுவாங்களாம்."

பெருச்சாளி பேப்பரை விட்டு இறங்கியது. வளைக்குள் போய்க் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தது. கடைசிக் குட்டியை இறக்கிவிட்டபோது பொழுது சாய்ந்திருந்தது. மூச்சிரைக்க மைனாவைக் கூப்பிட்டது.

மைனா தயங்கித் தயங்கி வந்தது. "நீ வருத்தப்படுவியேன்னுதான்க்கா..."

"போன வாரப் பேப்பரையெல்லாம் எடுத்துட்டு வா," என்றது பெருச்சாளி. "முதல் பக்கத்துலேருந்து ஆரம்பி. இந்தத் தடவை அலகைத் தூக்காதே."