கதவுக்கு ஒரு கோடு

புல்வெளிச் சரிவில் காலைப் பனி விலகுகிறது. நெல்லி மரத்தடிப் பாறையில் கொழும்பு மாத்தயா, பட்டணத்துக் கனவான் ஒருவர், தூரக்கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கிறார். தேயிலைத் தோட்டத்தைத் துண்டுபோட்டு வெளியாட்களுக்குக் கொடுக்கப்போவதாகப் பேச்சு அடிபடும் வாரம் இது. கொழுந்துக் கூடையோடு அந்த வழியாக வந்த பரிமளம் நின்றுவிடுகிறாள்.

“என்னாங்க பாக்குறீங்க?”

“குருவி,” என்கிறார், கண்ணாடியை இறக்காமல்.

அவர் முழங்கால்மேல் நோட்டுப் புத்தகம் திறந்திருக்கிறது. அதில் இறகும் இல்லை, அலகும் இல்லை. வரிசையாகப் பென்சில் கோடுகள். அவர் தலைக்கு மேலேயே ஒரு செண்பகப் பறவை அடித்தொண்டையில் கூவுகிறது. செம்பழுப்பு இறக்கையில் வெயில் படுகிறது.

“குருவி மேலேல்ல இருக்குங்க.”

அவர் நிமிரவில்லை. கண்ணாடி கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கதவுகளை ஒவ்வொன்றாகக் கடக்கிறது. கதவுக்கு ஒரு கோடு. பரிமளமும் கூடவே எண்ணுகிறாள். ஆறாவது கோடு விழுகிறது. அது அவளுடைய கதவு.