தூக்க விடாதவர்

கைப்பலத்தை அளக்க டாக்டர் கொடுத்த கருவியின் பிடியை மரகதவல்லி தன் பலத்தையெல்லாம் சேர்த்து அழுத்தினாள். முள் லேசாக நடுங்கியதோடு சரி. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்திருக்கவும் முடியவில்லை. இன்று என்ன கிழமை என்று டாக்டர் கேட்டதற்கு, கணவர் தணிகாசலத்தின் முகத்தைப் பார்த்தாள்.

"வீட்டு வேலையெல்லாம் யார் செய்யறாங்க?"

"நான்தான் டாக்டர். ரிட்டயர் ஆனதிலேருந்து பன்னண்டு வருஷமா இவள ஒரு குடம் தண்ணிகூடத் தூக்க விட்டதில்ல," என்றார் தணிகாசலம். எங்கே சொன்னாலும் அவருக்குப் பாராட்டு வாங்கித் தரும் பேச்சு அது.

டாக்டர் பாராட்டவில்லை. "வயசான காலத்துல சதை கரையறதும் மறதியும் நிறைய பேருக்குச் சேர்ந்தே வருதுங்க. இவங்களுக்கு எதனால எது வந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாது. ஆனா இனிமே உக்கார வெச்சுடாதீங்க. அவங்க வேலைய அவங்களே செய்யட்டும்."

கடைக்குக் கிளம்பியவளின் கையிலிருந்து எத்தனை முறை பையைப் பிடுங்கியிருப்பார்! "சும்மா உக்காரேன், நான் எதுக்கு இருக்கேன்?" என்று அதட்டியதும், அவள் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்ததும் நினைவுக்கு வந்தன. டாக்டரை நிமிர்ந்து பார்க்க அவரால் முடியவில்லை.

வெளியே வாசலில் மூன்று படிகள் இருந்தன. மரகதவல்லி வழக்கம்போல் கையை நீட்டினாள். அவர் கையும் பாதிவரை நீண்டு நின்றுவிட்டது.

"கம்பியப் புடிச்சுட்டு மெதுவா எறங்கு. நான் பக்கத்துலயே நிக்கறேன்."

அவள் நீட்டிய கையை மடக்காமல் அவரையே பார்த்தாள். "எம்மேல என்னங்க கோவம்?"

டாக்டரைப் பார்க்க வாசலில் காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.