பொத்தான் போட்ட கை

ஒனோரியோ சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். முதல் பொத்தான் மூன்றாவது துளையில் மாட்டியிருந்தது.

எதிரே நாற்காலியில் இல்டா. அவனுக்குப் பயிற்சி கொடுக்கிற பெண். மடியில் ஒரு நோட்டு. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

"உதவி பண்ணத்தானே உனக்குச் சம்பளம்?" என்றேன்.

"உதவி பண்ணாம இருக்கத்தான், ஃபிர்மினோ ஐயா. அதுதான் கஷ்டமான வேலை."

நல்ல பதில். முதலாளிகளும் நல்ல பதில்தான் சொல்வார்கள். நான் ஒனோரியோவை என் பக்கம் திருப்பி, ஆறு பொத்தானையும் போட்டுவிட்டேன்.

"இப்போ சரியா, தோழர்?"

"சரி" என்று தலையாட்டினான்.

பரெய்ரோ ஊர் ரசாயன ஆலையில் நாங்கள் இரண்டு பேரும் முப்பத்தொரு வருடம். சங்கத்தில் நான் பேசுவேன், அவன் கொடி கட்டுவான். போன வருடம் மே தினத்துக்கு முதல் நாள், விளக்குக் கம்பத்தில் பேனர் கட்ட ஏறினான். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான்.

ஏணி வழுக்கிவிட்டது. எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னேன்.

தலை நடைபாதைக் கல்லில் மோதியது. மூன்று வாரம் அவன் கண் திறக்கவில்லை. திறந்தபோது கரண்டி எதற்கு என்றே தெரியவில்லை. விழுந்த நாளும் நினைவில் இல்லை என்றார்கள்.

இப்போது எட்டு மாதமாக இங்கே இருக்கிறான். தலையில் அடிபட்டவர்களுக்கென்றே நடத்துகிற மையம். உள்ளேயே சின்னதாக ஒரு வீடு: அடுப்பு, கட்டில், பூட்டோடு ஒரு கதவு. அதில் தனியாக இருந்து பழக வேண்டும். வரும் வெள்ளிக்கிழமை மையத்தின் குழு கூடி முடிவு சொல்லும். தேறினால் அவன் தன் வீட்டுக்குப் போகலாம். தேறாவிட்டால் கடைசிவரை ஏதாவது ஒரு பராமரிப்பு இல்லத்தில்தான்.

புதன்தோறும் நான் வருவேன். நான் வந்துவிட்டால் காபி போடுவது நான், ரொட்டி வெட்டுவது நான்.

காபிக் கெண்டியை எடுத்தேன். சூடாக இருந்தது.

"டாக்டரம்மா தனக்கு மட்டும் போட்டுக் குடிச்சாச்சு போல" என்றேன்.

இல்டா மடியிலிருந்த நோட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

"காபி எப்படிப் போடறதுன்னாவது உனக்குச் சொல்லிக் குடுத்தாங்களா?"

ஒனோரியோ கெண்டியைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "மறந்துபோச்சு, தோழர்."

எட்டு மாதப் பயிற்சியின் லட்சணம் இது. பையிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். ராத்திரி உட்கார்ந்து எழுதியது, அச்சிலும் போட்டாயிற்று.

"பொத்தான் போடத் தெரியாத தொழிலாளியை வீட்டுக்குத் துரத்தி, படுக்கையைக் காலி செய்கிறார்கள்" என்று அவள் மெதுவாக வாசித்தாள். "இதை என்ன பண்ணப்போறீங்க?"

"வெள்ளிக்கிழமை காலையில வாசல்ல நின்னு குடுப்பேன். குழுவுக்கு வர்ற ஒவ்வொருத்தர் கையிலயும்."

"குடுத்தீங்கன்னா அவரை வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்க."

"அனுப்பக் கூடாதுன்னுதானே குடுக்கறேன். இவனைத் தனியா விட்டா ஒரு வாரம் தாங்குவானா?"

"ஃபிர்மினோ, அது வேண்டாம்பா" என்றான் ஒனோரியோ. "நான் வீட்டுக்குப் போகணும்."

"நீ சும்மா இரு. உனக்காகத்தான் பேசிட்டிருக்கேன்."

இல்டா மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தாள். அதுதான் என்னைக் கிளப்பிவிட்டது.

ஆலையில் இப்படித்தான் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கையில் கடிகாரமும் நோட்டும். நாங்கள் கழிப்பறைக்குப் போய் வரும் நிமிடங்களைக் குறிப்பான். எல்லோர் முன்னாலும் அந்த நோட்டைப் பிடுங்கிக் கிழித்தவன் நான். பரெய்ரோவில் இன்னும் அதைச் சொல்கிற ஆட்கள் உண்டு.

"அந்த நோட்டைக் காட்டு. இவனைப் பத்தி என்ன குறிச்சு வெச்சிருக்கே?"

"இது என்னோடது இல்ல, ஐயா. அவரோடது."

"எல்லாக் கங்காணியும் இதைத்தான் சொல்வான்."

பிடுங்கிவிட்டேன். ஒனோரியோ எழுந்து கையை நீட்டினான். அதற்குள் திறந்தாயிற்று.

கோணல் மாணலான எழுத்து. பேனர்களில் அவன் எழுதி நான் பார்த்த அதே எழுத்து, இப்போது ஆட்டம் கண்டிருந்தது.

"அவருக்கு மறந்துபோயிடும்" என்றாள் இல்டா. "அதனால எல்லாத்தையும் எழுதி வெச்சுக்குவார். காலையில எழுந்ததும் அதைப் படிச்சுட்டுத்தான் கட்டிலை விட்டு இறங்குவார்."

முதல் பக்கத்தில், 'காபி: ஐம்பது நிமிடம். அழுதேன்.'

நடுவில் எங்கேயோ, 'காபி: இருபத்திரண்டு. கேஸை அணைக்க மறந்தேன். இல்டா சொல்லவில்லை. நானே கண்டுபிடித்தேன்.'

இந்த வாரம் திங்கள், 'சட்டை: நான்கு நிமிடம். காபி: ஒன்பது.'

செவ்வாய், 'கடைக்குத் தனியாகப் போனேன். மத்தி வாங்கினேன். யாரிடமும் வழி கேட்கவில்லை. சமைத்தேன். கேஸை அணைத்தேன்.'

நான் ஒனோரியோவைப் பார்த்தேன். அவன் நான் போட்டுவிட்ட பொத்தான்களைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

பக்கத்தைத் திருப்பினேன்.

'புதன். காபியை முன்னாலேயே போட்டுக் குடித்துவிடு. ஃபிர்மினோ வருவான். எதுவும் தெரியாத மாதிரி இரு. யாருக்கோ நோட்டீஸ் கொடுக்க ஏணியை விட்ட கை அது. பாவம், பொத்தானையாவது போட்டுவிட்டுப் போகட்டும்.'